கொட்டகைக்குப் பணம் உண்டு, கறிக்கு இல்லை
சிறு பண்ணையும் இறைச்சித் தொழிலும் வளர்வதற்கான நிதி வழிகள்: ஒரு திறனாய்வு

ஹைதராபாத்தின் வடகிழக்கில், ஈசிஐஎல் கூட்டுச்சாலையை ஒட்டி இருக்கிறது ஏ.எஸ்.ராவ் நகர். ஞாயிற்றுக்கிழமை காலை இங்குள்ள கறிக்கடைகளின் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்ப்பவர், இறைச்சித் தொழிலில் வளர்ச்சிக்குக் குறைவே இருக்காது என்றுதான் எண்ணுவார். வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. கீசரா, ஷாமீர்பேட்டை, மேட்சல் பக்கம் போனால் கோழிப் பண்ணைகள் இருக்கின்றன. செம்மறி ஆடு மிக அதிகமாக உள்ள மாநிலம் தெலங்கானா. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் ஏறத்தாழ 7.4 கோடி செம்மறிகளில் 1.9 கோடி இங்கேதான் இருந்தன. இறைச்சிக்கென்றே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனமும் பக்கத்தில் செங்கிச்செர்லாவில் இருக்கிறது. சந்தை, சரக்கு, அறிவு மூன்றும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

அப்படியிருந்தும், நூறு ஆடு வளர்ப்பவரோ ஐயாயிரம் கோழி வளர்ப்பவரோ தன் சரக்கைத் தானே வெட்டி, குளிரூட்டி, பொட்டலம் கட்டி, தன் பெயரில் இந்த நகருக்கு விற்பது அரிதாகவே நடக்கிறது. காரணம் கேட்டால் ‘கடன் கிடைப்பதில்லை’ என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. ஆடு வாங்க, கொட்டகை போட, இயந்திரம் இறக்க இன்று பல வாசல்கள் திறந்திருக்கின்றன. ஆட்டுக்கும் வாடிக்கையாளரின் பைக்கும் நடுவில் உள்ள கட்டத்துக்குத்தான் பணம் இல்லை. வெட்டுமிடம், குளிர், சரக்கு விற்றுப் பணம் வரும்வரை தாக்குப்பிடிக்கும் கையிருப்பு ஆகியவை அந்தக் கட்டத்தில் வருகின்றன. வளர்ச்சி இங்கேதான் முட்டி நிற்கிறது.

நடைமுறையில் உள்ள நிதி வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட இரண்டு கேள்விகள் போதும். பணம் தேவைப்படும் நாளில் கைக்கு வருகிறதா? நோயோ விலைச் சரிவோ வரும் கெட்ட நாளில் நட்டம் யார் தலையில் விழுகிறது? வட்டி எத்தனை சதவீதம், மானியம் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகு கேட்க வேண்டியவை.

ஆடு கொடுத்த அரசு

முதல் வழி, அரசே விலங்கை வாங்கிக் கையில் கொடுப்பது. இதில் இந்தியாவின் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று தெலங்கானாவில்தான் நடந்தது. 2017 ஜூன் 20 அன்று சித்திபேட்டை மாவட்டம் கொண்டபாகவில், அன்றைய முதலமைச்சர் கே.சந்திரசேகர ராவ் செம்மறி விநியோகத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 20 பெட்டை ஆடுகளும் ஒரு கிடாவும் சேர்ந்தது ஓர் அலகு. அதன் மதிப்பு 1.25 லட்சம் ரூபாய். 75 சதவீதத்தை அரசு ஏற்றது. மீதி 31,250 ரூபாயைப் பயனாளி கட்டினார். ஆடு மேய்ப்பதையே மரபுத் தொழிலாகக் கொண்ட கொல்ல, குரும சமூகத்தினர் தங்கள் ஊர்ச் செம்மறி வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக இதைப் பெற்றார்கள். மாநில அரசு தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகத்திடம் பெரும் கடன் வாங்கித்தான் இதை நடத்தியது.

இதன் பலத்தை மறுக்க முடியாது. நிலப் பத்திரம் இல்லாதவருக்கும் வங்கிக்குள் நுழையாதவருக்கும் சொத்து கிடைத்தது. அந்தச் சொத்தைப் பராமரிக்கும் அறிவு தலைமுறையாக அவர்களிடம் இருந்தது. தெரிந்த தொழிலுக்கே பணம் போனது நல்ல நிதித் திட்டத்தின் முதல் இலக்கணம். 2012க்கும் 2019க்கும் இடையில் மாநிலத்தின் செம்மறி எண்ணிக்கை ஏறத்தாழ 48 சதவீதம் கூடியது.

ஆனால் அந்த 48 சதவீதத்தை அப்படியே வெற்றியாக எழுதிவிட முடியாது. திட்டம் தொடங்கி இரண்டே ஆண்டில் எடுத்த கணக்கு அது. ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் என்று வெளி மாநிலங்களிலிருந்து லாரிகளில் வந்த ஆடுகளும் அதில் அடக்கம். இடம் மாறிய ஆட்டையும் இங்கே பிறந்த குட்டியையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் வளர்ச்சியின் உண்மை அளவு தெரியாது. குறுகிய காலத்தில் லட்சக்கணக்கில் வாங்க வேண்டியிருந்ததால் தரகர்களின் கை ஓங்கியது. கொடுத்த ஆடே மறுபடி விற்கப்பட்டு இன்னொரு பயனாளியின் கணக்கில் ஏறுகிறது என்ற புகார் தொடக்கத்திலிருந்தே இருந்தது. 2024இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஆடு ஏற்றியதாகக் காட்டிய வண்டி எண்களில் சில இருசக்கர வாகனங்களுடையவை என்பது உட்படப் பல முறைகேடுகளைச் சுட்டியது. ஊழல் தடுப்புப் பிரிவும் அமலாக்கத் துறையும் விசாரணையில் இறங்கின. இரண்டாம் கட்டத்தில் அலகு விலை 1.75 லட்சம் ஆனது. பங்குத்தொகை 43,750 ரூபாயைக் கட்டியும் ஆடு வராமல், பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் பலர்.

ஊழல் பெரிய குறை. ஆனால் ஊழலே இல்லாமல் நடந்திருந்தாலும் இந்தத் திட்டம் பாதி வழியில்தான் நின்றிருக்கும். ஆடு பெருகிய வேகத்தில் மேய்ச்சல் நிலமும் தீவனமும் பெருகவில்லை. உயிர் எடை பார்த்து விற்கும் தராசு கிராமத்துக்கு வரவில்லை. கண் மதிப்பில் தரகர் சொன்ன விலைக்கே ஆடு போனது. மாவட்டந்தோறும் சிறு இறைச்சிக்கூடங்கள் எழவில்லை. உயிருள்ள ஆட்டை விற்பவராகவே வளர்ப்பவர் தொடர்ந்தார். கறியின் விலையில் அவருக்குப் பங்கு வரவில்லை.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம், ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடுகளைத் தந்தது. அதன் நோக்கம் வீட்டுக்கு ஓர் அவசரச் சேமிப்பு. தொழில் வளர்ச்சியை அது குறிவைக்கவில்லை. நான்கு ஆட்டை வரப்போரப் புல்லில் வளர்க்கலாம், இருபத்தொன்றை முடியாது. எண்ணிக்கை கூடினால் தீவனம், மருத்துவம், விற்பனை எல்லாம் தொழிலாக மாறுகின்றன. தெலங்கானா தொழில் அளவுக்கு ஆட்டைக் கொடுத்தது. தொழிலுக்குரிய மற்றவற்றைக் கொடுக்கவில்லை.

நமது இரண்டு கேள்விகளில் தெலங்கானாவின் திட்டம் என்ன மதிப்பெண் பெறுகிறது? ஆடு கிடைத்தவருக்குப் பணம் ஆடாகவே வந்துவிடுவதால் முதல் கேள்வியில் தேறுகிறது. இரண்டாவதில் பாதிதான். காப்பீடு இருந்தது. ஆனால் ஆட்டுக்கொல்லி நோயோ நீலநாக்கு நோயோ மந்தையில் புகுந்த பிறகு, காப்பீட்டுப் பணம் வரும்வரை பட்டினி கிடப்பது வளர்ப்பவரின் குடும்பம்.

நிறுவனத்தின் குஞ்சு, விவசாயியின் கொட்டகை

இரண்டாவது வழி, கறிக்கோழி ஒப்பந்த வளர்ப்பு. இதன் வரலாற்றில் ஹைதராபாத்துக்கும் கொங்கு நாட்டுக்கும் சமபங்கு உண்டு. டாக்டர் பி.வி.ராவ் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனத்தை 1971இல் ஹைதராபாத்தில்தான் தொடங்கினார். தரமான குஞ்சு இந்தியாவிலேயே கிடைக்க அது வழி செய்தது. உடுமலைப்பேட்டையில் 1984இல் சவுந்தரராஜன் சகோதரர்கள் தொடங்கிய சுகுணா நிறுவனம், 1990களில் ஒப்பந்த வளர்ப்பைப் பரவலாக்கியது. இன்று தெலங்கானாவிலும் அதே முறைதான். ஒரு நாள் குஞ்சு, தீவனம், மருந்து, மேற்பார்வை ஆகியவற்றை நிறுவனம் தருகிறது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் உமி, உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. ஏறத்தாழ ஆறு வாரத்தில் கோழி இரண்டு கிலோவைத் தாண்டியதும் நிறுவனமே பிடித்துக்கொண்டு போகிறது. விவசாயிக்குக் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி.

இதை நிதி ஏற்பாடாகப் பார்த்தால் மிகத் திறமையானது. கோழி வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனம். அந்தச் சுமையை நிறுவனம் தூக்கிக்கொள்வதால் விவசாயிக்கு நடைமுறை மூலதனக் கவலை இல்லை. சந்தை விலை விழுந்தாலும் கூலி வரும். நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருப்பதால் வங்கியும் கொட்டகைக் கடனுக்குத் தயங்குவதில்லை.

2020 பிப்ரவரியில் கோழியால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தி கிளம்பி விலை தரைமட்டமானது. தெலங்கானா அமைச்சர்கள் கே.டி.ராமா ராவ் உள்ளிட்டோர் ஹைதராபாத்தில் மேடையேறி மக்கள் முன் கோழிக்கறி சாப்பிட்டுக் காட்ட வேண்டி வந்தது. 2025 தொடக்கத்தில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் வந்தபோது இங்கேயும் விற்பனை படுத்தது. சொந்தப் பணத்தில் குஞ்சும் தீவனமும் வாங்கி வளர்த்தவர்களை அப்படிப்பட்ட வாரங்கள் அழித்துவிடும். ஒப்பந்தத்தில் இருந்தவர்களைக் கூலி காத்தது.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. நெருக்கடியில் நிறுவனம் முதலில் செய்வது அடுத்த குஞ்சைத் தாமதமாக இறக்குவது. ஆண்டுக்கு ஐந்தாறு முறை குஞ்சு வரும் என்று கணக்குப் போட்டுத்தான் கொட்டகைக் கடன் வாங்கப்படுகிறது. இத்தனை முறை கட்டாயம் இறக்குவோம் என்ற உறுதி பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருப்பதில்லை. கொட்டகை காலியாகக் கிடந்தாலும் வங்கித் தவணைக்கு விடுப்பு இல்லை. விலை அபாயத்தை நிறுவனம் வாங்கிக்கொண்டு, வேலையில்லா அபாயத்தை விவசாயியிடம் விட்டுவிடுகிறது.

இதைவிட ஆழமான குறை இன்னொன்று. பத்து ஆண்டு கோழி வளர்த்த பிறகும் அந்த விவசாயிக்கு விற்பனை தெரியாது, வாடிக்கையாளர் தெரியாது, தீவனக் கலவை தெரியாது. வளர வேண்டுமென்றால் இன்னொரு கொட்டகை போடலாம்; அடுத்த படிக்கு ஏற முடியாது. வருமானம் நிலைக்க வேண்டும் என்பவருக்கு இது நல்ல வழி. தனக்கென்று தொழில் வேண்டும் என்பவருக்கு இது ஒரு பயிற்சிக் காலமாக மட்டுமே இருக்கத் தகும்.

மானியத்தோடு வரும் கடன்

மூன்றாவது வழிதான் இன்று அதிகம் பேசப்படுவது: மூலதன மானியத்தோடும் வட்டிச் சலுகையோடும் கூடிய வங்கிக் கடன். 2021-22இல் திருத்தியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கம் திட்டச் செலவில் 50 சதவீதத்தை மானியமாகத் தருகிறது. ஆட்டுப் பண்ணைக்கு உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். நாட்டுக்கோழிப் பண்ணைக்கு 25 லட்சம். 100 பெட்டையும் 5 கிடாவும் கொண்ட சிறு அலகுக்கும் பின்னர் இடம் தரப்பட்டது. 2020இல் 15,000 கோடி ரூபாயில் தொடங்கிய கால்நடை உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி, இறைச்சிப் பதப்படுத்தலுக்கும் கடன் தர வைக்கிறது. 3 சதவீத வட்டிச் சலுகை, இரண்டு ஆண்டு தவணை விடுமுறை, குறு, சிறு நிறுவனங்களுக்குப் பத்து சதவீதப் பங்குத்தொகை, கடன் உத்தரவாதம் ஆகியவை அதன் அம்சங்கள். 2024இல் அது விரிவாக்கப்பட்டு 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான பிரதமரின் திட்டம் 35 சதவீத மானியம் தருகிறது. தனி நிறுவனத்துக்கு உச்சவரம்பு 10 லட்சம். இவை தவிர முத்ரா கடன், கால்நடைக்கும் நீட்டிக்கப்பட்ட கிசான் கடன் அட்டை, ஈடில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தரும் நிதியம் என்று வரிசை நீளம்.

இவற்றின் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒரு தலைமுறைக்கு முன் இறைச்சித் தொழில் என்றாலே வங்கி மேலாளர் முகம் திருப்புவார். இன்று அதே தொழில் முன்னுரிமைக் கடன் பட்டியலில் இருக்கிறது. திட்ட அறிக்கை எழுதும் கட்டாயம், தீவனச் செலவையும் இறப்பு விகிதத்தையும் தாளில் போட்டுப் பார்க்க வைக்கிறது. பலர் தங்கள் தொழிலைக் கணக்காக முதன்முதலில் பார்ப்பது அப்போதுதான்.

குறைகள் மூன்று. முதலாவது, மானியம் வரும் நேரம். தேசிய கால்நடை இயக்கத்தின் மானியம் இரண்டு சம தவணைகளில் வங்கி வழியே வருகிறது. கடனில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டு வேலை தொடங்கிய பின் முதல் தவணை. எல்லாம் முடிந்து சரிபார்த்த பின் இரண்டாவது. மோசடியைத் தடுக்க இது தேவை. செம்மறித் திட்டத்தின் அனுபவத்துக்குப் பிறகு இதை யாரும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் இடைக்காலத்தில் முழுச் செலவையும் தாங்கும் வசதி உள்ளவரே விண்ணப்பிக்க முடிகிறது. சிறியவருக்கென்று எழுதிய திட்டத்தை நடுத்தரமானவர் எடுத்துக்கொள்கிறார்.

இரண்டாவது, நிலம். கொட்டகைக்கும் கூடத்துக்கும் கடன் கேட்டால் நிலத்தின் மீது உரிமையோ நீண்டகாலக் குத்தகைப் பத்திரமோ காட்ட வேண்டும். தெலங்கானாவில் வாய்மொழிக் குத்தகையில் உழுபவர்கள் ஏராளம். 2020இல் வந்த தரணி நிலப் பதிவேட்டில் குத்தகைதாரருக்கு இடமே இருக்கவில்லை. நகரம் கீசரா வரை நீண்டுவிட்ட நிலையில், மனையாகப் போகக்கூடிய நிலத்தைப் பத்தாண்டுக்கு எழுதிக் கொடுக்க எந்த உரிமையாளரும் முன்வருவதில்லை. நகருக்கு அருகில் இருப்பது விற்பனைக்கு வரம். அதுவே கடனுக்குத் தடை.

மூன்றாவது குறைதான் அடிப்படையானது. இந்த மானியங்கள் பெரும்பாலும் கட்டடத்துக்கும் கருவிக்கும் விலங்குக்கும் உரியவை. தேசிய கால்நடை இயக்கத்தின் விதிகளில் நடைமுறை மூலதனம், நிலம் வாங்குதல், வாடகை ஆகியவற்றுக்கு மானியம் கிடையாது. கண்ணால் பார்த்துப் படம் எடுக்கக்கூடிய பொருளுக்குத்தான் பணம்.

கையிருப்பின் கணக்கு

இந்த மூன்றாவது குறை எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். இதில் வரும் விலைகள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. ஒரு சிறு இறைச்சித் தொழில்முனைவோர் வாரம் 40 ஆடு வெட்டுகிறார் என்று கொள்வோம். ஓர் ஆடு 25 கிலோ. உயிர் எடை கிலோ 400 ரூபாய். ஓர் ஆட்டுக்கு 10,000 வீதம் வாரத்துக்கு 4 லட்சம். ஒவ்வொரு ஆட்டிலும் ஏறத்தாழ 12 கிலோ கறி கிடைக்கும். கறி, தலை, கால், ஈரல், குடல் எல்லாம் சேர்த்து விற்றால் ஓர் ஆட்டில் 1,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1.6 லட்சம். இதிலிருந்துதான் கூலி, ஐஸ், மின்சாரம், வண்டி எல்லாம்.

ஆட்டுக்காரர் கடன் சொல்ல மாட்டார். சந்தையிலேயே கையில் பணம் வேண்டும். ஹோட்டலும் பல்பொருள் அங்காடியும் ஆறு வாரம் கழித்துப் பணம் தருகின்றன. ஆக எந்த நாளிலும் 24 லட்சம் ரூபாய் வெளியில் நிற்கிறது. அந்தத் தொகையை மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 72,000 ரூபாய் வட்டி. மிச்சத்தில் ஏறத்தாழ பாதி அங்கேயே போயிற்று. அதே தொகை ஆண்டுக்கு 12 சதவீதத்தில் வங்கியில் கிடைத்தால் மாதம் 24,000. வித்தியாசம் 48,000 ரூபாய். இதன் பக்கத்தில் உள்கட்டமைப்பு நிதியின் 3 சதவீதச் சலுகையை வைத்துப் பாருங்கள். 25 லட்சம் இயந்திரக் கடனுக்கு அது ஆண்டுக்கு 75,000, மாதத்துக்கு 6,250 ரூபாய். அரசு 6,250 ரூபாயைச் சேமித்துத் தருகிறது. கையிருப்பில்லாமை 48,000 ரூபாயைத் தின்கிறது. நல்ல இயந்திரம் இறக்கிய கூடங்களும் ஓராண்டில் பூட்டிக்கொள்ள இந்த ஒரு கணக்கே போதும்.

இந்த இடைவெளியை இன்று நிரப்புபவை சீட்டும் வியாபாரி முன்பணமும். சீட்டு, தொழில் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பி நடத்தும் நல்ல ஏற்பாடு. ஆனால் அவசரத்தில் தள்ளி எடுக்கும்போது பெரும் கழிவு போய்விடும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், விலையை அவரே சொல்லும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

காலமும் ஒத்துழைப்பதில்லை. தமிழ்நாட்டில் புரட்டாசி எப்படியோ, தெலங்கானாவில் சிராவண மாதமும் கார்த்திக மாதமும் அப்படி. பல வீடுகளில் கறி நின்றுவிடும். போனாலு, தசரா, பக்ரீத் காலங்களில் விற்பனை ஏறும். வங்கித் தவணையோ பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை. பயிர்க் கடனுக்கு அறுவடை பார்த்துத் தவணை வைக்கத் தெரிந்த வங்கிகளுக்கு, கறியின் பருவத்தைப் பார்க்கத் தெரியாமலிருக்க நியாயமில்லை.

சட்டம் ஒரு கைப்பிடி தந்திருக்கிறது. பலர் அதைப் பற்றுவதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டியும் தர வேண்டும். அப்படித் தராமல் வைத்திருக்கும் தொகையை வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பாதுகாப்பு உற்பத்தி செய்பவருக்கும் பதப்படுத்துபவருக்கும் உண்டு. வாங்கி விற்கும் வியாபாரியாக மட்டும் பதிந்தவருக்கு இல்லை. ஆகவே குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவில் இறைச்சிப் பதப்படுத்துபவர் என்று பதிவது, எந்த மானியத்தையும்விடப் பயன் தரக்கூடிய ஒரு தாள் வேலை.

முதலீட்டாளர் பணம்

நான்காவது வழி, பங்கு கொடுத்து முதலீடு பெறுவது. 2015இல் பெங்களூரில் பிறந்த இணையவழி இறைச்சி விற்பனை நிறுவனமான லிசியஸ், 2021இல் நூறு கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. ஏ.எஸ்.ராவ் நகரின் அடுக்ககங்களுக்கு இன்று செயலி வழியே கறி வருகிறது என்றால் இந்தப் பணம்தான் காரணம். சுத்தமான வெட்டு, குளிர்ச்சங்கிலி, எடையில் நேர்மை ஆகியவற்றை வாடிக்கையாளர் எதிர்பார்க்கத் தொடங்கியது இதனால் கிடைத்த நிலையான நன்மை.

ஆனால் இந்தப் பணம் ஆண்டுக்கு இரண்டு மூன்று மடங்கு வளர்ச்சியைக் கேட்கும். ஆடு ஆண்டுக்கு இரண்டு மடங்காகப் பெருகாது. 2016இல் சென்னையில் தொடங்கிய இறைச்சி விற்பனை நிறுவனமான டெண்டர்கட்ஸ், 2021இல் நபார்டின் முதலீட்டுப் பிரிவு உள்ளிட்டோரிடம் பெரும் முதலீடு பெற்றது. கடைகளை வேகமாக விரித்து, 2023இல் நெருக்கடியில் சிக்கிக் கைமாறியது. நன்றாக நடந்த கடைக்கும் தாங்க முடியாத வேகம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். கிராமத்துச் சிறு பண்ணையாளருக்கு இந்த வழி பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

எங்கே பணம் போக வேண்டும்

2020இல் அமெரிக்காவில் பெரும் இறைச்சி ஆலைகள் கொரோனாவால் மூடியபோது, பண்ணையில் விலங்கும் கடையில் வெற்றுத் தட்டும் ஒரே நேரத்தில் இருந்தன. சிறிய, சுதந்திரமான வெட்டுக்கூடங்கள் போதாது என்பது அப்போது வெளிச்சமானது. 2022 ஜனவரியில் அந்த அரசு நூறு கோடி டாலரை அத்தகைய கூடங்களின் விரிவாக்கத்துக்கு என்று அறிவித்தது. விலங்குக்குப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது, வெட்டுமிடத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று பெரிய நாடு ஒன்று அடிபட்டுக் கற்றது. நாம் அடிபடாமல் கற்கலாம்.

நம்மிடம் முன்மாதிரியும் இருக்கிறது. ஹனுமகொண்டா மாவட்ட முல்கனூரில் 1956இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் கடனையும் விற்பனையையும் ஒரே கையில் வைத்து வளர்ந்தது. அதே வட்டாரத்தில் பெண்கள் தங்கள் சேமிப்புக் குழுக்களின் பலத்தில் சொந்தமாகப் பால்பண்ணை நிறுவனம் நடத்துகிறார்கள். அரசுத் தலையீடு குறைந்த கூட்டுறவுகளுக்கு வழிவிட்ட 1995ஆம் ஆண்டின் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சட்டம் அதற்கு உதவியது. பாலில் முடிந்தது கறியிலும் முடியும்.

பொதுக் கூடம் ஒன்று எழுந்தால் முப்பது நாற்பது பண்ணையாளர்கள் தனித்தனியாகக் கட்டத் தேவையில்லை. ஓர் ஆட்டுக்கு இவ்வளவு வெட்டுக்கூலி, ஒரு கிலோவுக்கு இவ்வளவு குளிர் வாடகை என்று கட்டிப் பயன்படுத்தலாம். 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் நாளைக்குப் பத்து ஆட்டைத் தாண்டினால் பதிவோடு விடாமல் உரிமம் கேட்டன; கழுவும் தரை, கால்நடை மருத்துவர் பரிசோதனை, கழிவு அகற்றல் எல்லாம் அதற்கு வேண்டும். இந்தச் செலவைத் தனி ஆள் தாங்குவது கடினம். பத்துப் பேர் பகிர்ந்தால் எளிது. குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்திலேயே பொது உள்கட்டமைப்புக்கு 35 சதவீதம், 3 கோடி ரூபாய் வரை மானியம் உண்டு. சுயஉதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் தொடக்க மூலதனமும் உண்டு. அது நடைமுறை மூலதனத்துக்கும் சிறு கருவிக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. கையிருப்பின் தேவையை அரசு ஒப்புக்கொண்ட அரிய இடம் இது. தொகை சிறிது, எண்ணம் சரி. அதைப் பெருக்க வேண்டும்.

வங்கிகளுக்கும் ஒரு முன்னுதாரணம் இங்கேயே கிடைக்கிறது. டாக்டர் ஏ.எஸ்.ராவ் கட்டி வளர்த்த ஈசிஐஎல் 1967இல் பிறந்தது. அதைச் சுற்றிக் குஷாய்குடாவிலும் செர்லபள்ளியிலும் சிறு தொழிற்கூடங்கள் எழுந்தன. ஒரு பெரிய நிறுவனம் வாங்குவதாக எழுதிக் கொடுக்கும் ஆணை, சிறு பட்டறைக்கு நிலப் பத்திரத்தைவிடப் பெரிய பலம். இறைச்சிக்கும் அப்படிச் செய்ய முடியும். மருத்துவமனைகள், விடுதிகள், பள்ளி விடுதி உணவகங்கள் சிறு சங்கங்களுக்கு ஆறு மாத ஆணை தரட்டும். அந்த ஆணையின் மீது வங்கி நடைமுறைக் கடன் தரட்டும்.

பண்ணையாளர் பின்பற்ற வேண்டிய வரிசையும் தெளிவானது. முதலில் பிறர் கூடத்தில் கூலிக்கு வெட்டி, சிறு அளவில் விற்று, வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டும். செங்கிச்செர்லா நிறுவனத்தில் பதப்படுத்தல் பயிற்சியும் தொழில் தொடங்குவோருக்கான வழிகாட்டலும் உண்டு. அங்கே கற்றுக்கொண்டு பொருளைச் செம்மை செய்யலாம். மூன்று மாதச் சரக்குக்கான கையிருப்போ கடன் வரம்போ உறுதியான பிறகுதான் கட்டடத்துக்குக் கையெழுத்திட வேண்டும். மானியம் இருக்கிறது என்பதற்காகக் கட்டுவது, பல குடும்பங்களின் நிலத்தை வங்கியிடம் கொண்டு சேர்த்திருக்கிறது.

தீர்ப்பு இதுதான். செம்மறி விநியோகம் சொத்தைத் தந்தது, தொழிலைத் தரவில்லை. ஒப்பந்த வளர்ப்பு வருமானத்தைத் தந்தது, உரிமையைத் தரவில்லை. மானியக் கடன் கட்டடத்தைத் தந்தது, அதை ஓட்டும் பணத்தைத் தரவில்லை. முதலீட்டாளர் பணம் வேகத்தைத் தந்தது, நிதானத்தைத் தரவில்லை. நான்கிலும் மானியக் கடனே திருத்தத்தக்கது. அதில் நடைமுறை மூலதனமும் பொதுக் கூடமும் முதலிடம் பெற்றால் மற்றவை தாமே சரியாகும்.

வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அடுக்ககத்தில் இருபது வீடுகள் சேர்ந்து, நம்பத்தகுந்த ஒரு பண்ணைச் சங்கத்துக்கு மாதக் கறிக்கான பணத்தை முன்கூட்டியே கொடுத்தால், அது வட்டியில்லா நடைமுறை மூலதனம். உங்களுக்கு எங்கே வளர்ந்தது, எங்கே வெட்டியது என்று தெரிந்த கறி; அவர்களுக்கு மாதம் மூன்று வட்டியிலிருந்து விடுதலை. உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள்.